இந்தப் படம் எந்த மாசத்துல எடுத்தது?

காலநிலை மாற்றம் பற்றி ஊர் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் என்றால் எங்கள் பக்கம் அதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. பதினோரு மணிக் கூட்டம் பன்னிரண்டரைக்குத் தொடங்கும். முதலில் வருகைப் பதிவேடு சுற்றி வரும், அப்புறம் டீ, அப்புறம் திரையில் ஒரு வரைபடம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நம் ஊருக்கு ஏற்கெனவே வண்ணம் அடித்துக் கொண்டு வந்திருப்பார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் இறங்கும் நேரம் பார்த்து "இப்ப உங்க கருத்தைச் சொல்லலாம்" என்பார்கள். ஒரு பெரியவர் எழுந்து ரேஷன் கடையில் புழுங்கலரிசி வரவில்லை என்பார், எல்லோரும் சிரிப்பார்கள், அறிக்கையில் 'மக்கள் பங்கேற்புடன் தயாரிக்கப்பட்டது' என்று ஏறிவிடும்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளைப் பக்கம் நம்ம ஊர். ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு வழி காட்டுவது, பேச்சை மொழிபெயர்ப்பது, படிவம் நிரப்பிக் கொடுப்பது என்று அவ்வப்போது போவதுண்டு. அதனால் இரண்டு பக்கத்துப் புலம்பலும் என் காதில் விழும். ஊர்க்காரர்கள் "வர்றாங்க, கேக்குறாங்க, போறாங்க" என்பார்கள். ஆய்வாளர்கள் வண்டியில் திரும்பும்போது "பயனுள்ள தகவல் எதுவும் கிடைக்கலை" என்பார்கள். என் அனுபவத்தில் கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: கேள்வியை எழுதி முடித்துவிட்டு ஊருக்கு வருகிறார்கள். ஊரில் நாலு பேர் பேசியதைக் கேட்டுக் கேள்வியையே மாற்றிக்கொண்ட இடங்களில் வேலை நடந்திருக்கிறது. அதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை, பிச்சாவரமே இருக்கிறது.

பிச்சாவரம் என்றால் உங்களுக்குப் படகுச் சவாரியும் சினிமாப் பாட்டும் ஞாபகம் வரும், சரி. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு அது, 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. தில்லை நடராசர் கோயிலுக்குத் தலமரமான தில்லை இந்தக் காட்டு மரம்தான். (பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பக்தியோடு கிளை ஒடிக்கப் போகாதீர்கள்.) எண்பதுகளில் இந்தக் காட்டின் நடுப்பகுதி மொட்டையாகக் கிடந்தது. உமரி என்ற உப்புச்செடி மட்டும் அங்கங்கே படர்ந்த உப்புத்தரை. விதை விழுந்தாலும் முளைக்காது, நட்டாலும் பட்டுப்போகும்.

காரணம் என்ன என்று கேட்டால் அன்றைக்கு ரெடியாக ஒரு பதில் இருந்தது: சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள். ஆகவே ஊர்க்காரர்களைத் தடுத்தால் காடு வளரும். இந்தப் பதிலை வைத்துக்கொண்டே திட்டம் போட்டிருந்தால் வேலியும் வழக்கும்தான் மிஞ்சியிருக்கும்.

தொண்ணூறுகளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், வி. செல்வமும் அவரோடு வேலை செய்தவர்களும், மண்ணைப் பார்த்தார்கள், உப்பை அளந்தார்கள், பழைய வனத்துறைப் பதிவுகளைப் புரட்டினார்கள், ஊர்க்காரர்களிடம் எந்தப் பக்கம் எப்போது மொட்டையானது என்று கேட்டார்கள். கதை வேறாக இருந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து காட்டைக் கூப்புகளாக, அதாவது வெட்டுவதற்கான பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூப்பாக மொத்தமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் எழுபதுகள் வரை அது நடந்திருக்கிறது. மரம் போனதும் சேற்றுத்தரை வெயிலுக்குத் திறந்துகொள்கிறது, காய்கிறது, இறுகித் தாழ்ந்துபோகிறது. ஓடைக் கரை மேடாக நிற்க நடுப்பகுதி தொட்டி மாதிரி ஆகிவிடுகிறது. பெரிய ஓதத்தில் (கடல் ஏறி வரும் நேரத்தில்) உள்ளே வந்த தண்ணீர் வடியாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பை விட்டுவிட்டுப் போகிறது. வருஷக்கணக்கில் இப்படி உப்பு ஏறிய தரையில் அலையாத்தியே முளைக்காது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக, காட்டை அழித்தது விறகுக்கட்டு தூக்கிய கிழவி இல்லை. அரசாங்கமே போட்ட வெட்டுத் திட்டம்.

காரணம் இது என்றால் வைத்தியம் எளிது. ஓதம் வந்து போக வழி வேண்டும். ஓடையிலிருந்து ஒரு தாய்க்கால்வாய், அதிலிருந்து இருபக்கமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலத் தெரியும். ஓதத் தண்ணீர் உள்ளே போய்த் திரும்பும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வரும். கால்வாய்ச் சரிவில், உச்சியிலும் இல்லாமல் அடியிலும் இல்லாமல் நடு உயரத்தில் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் விதையை ஊன்ற வேண்டும். மேலே ஊன்றினால் காயும், கீழே ஊன்றினால் மூழ்கி அழுகும். நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குள்தான், அதனால் அரை அடி கணக்குத் தப்பினாலும் நட்டது வீண். அந்த அரை அடியைக் கருவி வைத்தும் அளக்கலாம். தினமும் அந்தச் சேற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறவரைக் கேட்டும் தெரிந்துகொள்ளலாம். முத்துப்பேட்டை மீனவர்களுக்கோ காட்டுக்குள் கால்வாய் வெட்டி மீன் பிடிப்பது பழைய வழக்கம். ஓதத்தை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஊர்தோறும் குழு அமைத்து, வனத்துறையும் ஊரும் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து திட்டம் எழுதி, கால்வாய் வெட்டும் கூலியும் ஊருக்கே வந்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்களே பின்னால் கணக்கிட்டபடி 1986க்கும் 2002க்கும் இடையே பிச்சாவரத்தில் காட்டின் பரப்பு ஏறக்குறைய 90 சதவீதம் கூடியிருந்தது. இதே முறை ஆந்திரத்துக்கும் ஒடிசாவுக்கும் போனது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 'ஊர் மக்கள்' என்று ஒரே ஆள் கிடையாது. எங்கள் பக்கம் கடலுக்குப் போகும் மீனவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து பலமானது, பேசுவது ஆண்கள். காட்டு ஓடைகளில் படகும் வலையும் இல்லாமல் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தவர்கள் எம்.ஜி.ஆர். நகர் இருளர் பழங்குடியினர். ஊர்க் கருத்து என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினால் அதில் இவர்கள் இருக்கமாட்டார்கள். ஊர் தன்னால் செய்யாத ஒரு காரியம் இது, வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் ஒருவர் 'அவங்களையும் கூப்பிடுங்க' என்று பிடிவாதம் பிடித்தால்தான் நடக்கும். மக்கள் அறிவு, மக்கள் அறிவு என்று மேடையில் உருகுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அப்படிப் பிடிவாதம் பிடித்த ஒரு கூட்டத்தில் நான் இருந்தேன். கோயில் திடலில் கோலமாவு போட்டு ஊரை வரையச் சொன்னார்கள். ஓடை, திட்டு, தண்ணீர் தேங்கும் இடம், படகு கட்டும் இடம். முதல் அரைமணி நேரம் ஆண்கள் வரைந்தார்கள், பெண்கள் நின்று பார்த்தார்கள். வந்திருந்த ஆய்வாளர் ஒரு பெரிய செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் விரித்து நாலு மூலையிலும் செங்கல் வைத்தார். இறால் பிடிக்கப் போய்வந்த ஆயா ஒருத்தர், பனையோலைப் பறி இன்னும் கழுத்தோரம் ஈரமாகத் தொங்க (இறால் தடவும்போது இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும், பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள்), குனிந்து படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்தப் படம் எந்த மாசத்துல எடுத்தது?"

ஆய்வாளர் தேதியைப் பார்த்தார். மே மாதம்.

"அதானே. சித்திரையில எடுத்துட்டு இங்க தரைன்னு போட்டிருக்கீங்க. ஐப்பசியில வந்து பாருங்க, இது அத்தனையும் தண்ணி. இந்தப் பக்கம் வடியாது, அந்தப் பக்கம்தான் வடியும்."

சொல்லிக்கொண்டே கோலமாவை வாங்கி, ஆண்கள் போட்டிருந்த ஓடையைக் காலால் அழித்துவிட்டு வேறு இடத்தில் போட்டார். ஊர்க்காரர் ஒருவர் "ஏ ஆயா, சும்மா இரு" என்றார், அவர் சும்மா இருக்கவில்லை. மழைக்காலத்தில் எந்த வழியாக ஆட்கள் மேட்டுக்குப் போவது என்பதுதான் அன்றைய பேச்சு. மே மாதப் படத்தை நம்பி வழி போட்டிருந்தால் வழியின் நடுவே கழுத்தளவு தண்ணீர். அந்த ஆய்வாளரைப் பாராட்டியே ஆக வேண்டும், படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு "அப்ப மழையில மறுபடி வர்றேன்" என்றார், வந்தார்.

சுனாமி பற்றி எழுதாமல் எங்கள் பக்கத்துக் கதை முடியாது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அலையாத்திக் காடு ஊரைக் காப்பாற்றியது என்ற பேச்சு எங்கும் பரவியது. 2005இல் சயன்ஸ் இதழில் கடலூர் மாவட்டக் கரையை வைத்து அதை ஆதரித்து ஒரு கட்டுரை வந்தது. பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தின் கே. கதிரேசன் 18 குப்பங்களை ஒப்பிட்டு எழுதியதும் அதே வருஷம்தான். மறுவருஷமே வேறு சிலர் மறுத்து எழுதினார்கள்: ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பதே பெரிய காரணம், காட்டின் பங்கை மிகைப்படுத்த வேண்டாம் என்று. இந்தச் சண்டை நல்ல சண்டை. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பிழைத்ததும் உண்மை, அவை உள்ளே தள்ளி இருந்ததும் உண்மை. ஆனால் திட்டம் தீட்டியவர்களுக்கு இந்த நுணுக்கத்துக்கெல்லாம் பொறுமை இல்லை. 'மரம் நட்டால் கடல் அடங்கும்' என்று சுருக்கிக்கொண்டு கரை நெடுகச் சவுக்கை நட்டார்கள். மணல்மேடு இருந்த இடத்தில் சவுக்கு, வலை உலர்த்திய இடத்தில் சவுக்கு, படகு ஏற்றி வைத்த இடத்திலும் சவுக்கு. மணல்மேடே ஒரு தடுப்புதான் என்று எந்த மீனவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார், கேட்கவில்லை.

வரைபடத்தில் விடுபடுவது அதைவிட மோசம். கரையோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைவுகள் வந்தபோது குப்பங்களும், வலை உலர்த்தும் இடங்களும், மீன் இறக்கும் இடங்களும் சரியாகக் குறிக்கப்படவில்லை என்று மீனவர்கள் கூட்டம் கூட்டமாக முறையிட்டார்கள். வரைபடத்தில் இல்லாத ஊருக்கு, காலநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் எந்தத் தகவமைப்புத் திட்டம் வரும்?

எச்சரிக்கை விஷயத்தில் புதுச்சேரிப் பக்கம் நடந்தது எனக்குப் பிடித்த உதாரணம். 1998இல் அதே சுவாமிநாதன் நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. கம்ப்யூட்டர் வாங்கி வைத்ததை யார் வேண்டுமானாலும் செய்வார்கள். என்ன தகவல் வேண்டும் என்று ஊரைக் கேட்டதுதான் இதில் விஷயம். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயரம் வேண்டியிருந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் மாற்றி, கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் தினமும் சொன்னார்கள். வலை பின்னிக்கொண்டே காதில் வாங்கிக்கொள்ளலாம். படிக்கத் தெரிய வேண்டாம், போன் வேண்டாம். சுனாமி அன்று நல்லவாடு கிராமத்துக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து போன் செய்ய, அதே மாதிரி ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரையே வெளியேற்றினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காக வைத்தது கிடையாது. அன்றாடம் புழங்கியதால்தான் அன்றைக்கு வேலை செய்தது. ஆபத்துக்கு மட்டும் என்று வாங்கி பூட்டி வைத்த சைரன்களின் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை.

2017 ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவே வழியில்லை. அதற்குப் பிறகு 2019இல் செயற்கைக்கோள் வழியாகக் கடலுக்குள் செய்தி அனுப்பும் ஜெமினி கருவி வந்தது. கரையில் உட்கார்ந்து முன்னறிவிப்பு ஏற்பாடு தயாரித்தவர்களுக்குத் தெரியாத ஒரு சின்ன விஷயம், மீனவர் பல நாள் கடலிலேயே தங்குகிறார் என்பது, எத்தனை உயிருக்குப் பிறகு கணக்கில் ஏறியது பாருங்கள்.

அதற்காகக் கடல் குறி பார்க்கத் தெரிந்த பெரியவர்களிடமே எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. வாடைக் காற்று எப்போது, கொண்டல் காற்று எப்போது, கச்சான் காற்று எப்போது என்று அப்பா காலத்தில் நாள் குறித்தது இப்போது தப்புகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். பழைய கணக்கு தப்பும் இடத்தில்தான் புதிய கருவி உதவும். "எங்க கணக்கு இங்க தப்புது" என்று ஒரு பெரியவர் சொல்லும் இடம் ஆய்வாளருக்குத் தங்கம், அதைக் கேட்கப் படிவத்தில் கட்டம் இருக்காது.

விவசாயத்துக்கு வருவோம். டெல்டாவில் சம்பா மூழ்குவது பழைய கதை. வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும் மரபணு ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து கிடைத்து, அதைச் சேர்த்த சி.ஆர். 1009 சப்-1 நம் ஊருக்கும் வந்திருக்கிறது, நல்ல ரகம். ஆனால் அது தாங்குவது இளம்பயிராக இருக்கும்போது வரும் வெள்ளத்தை. 2021 ஜனவரியில், அப்புறம் 2023 பிப்ரவரித் தொடக்கத்தில், கதிர் முற்றி அறுக்கும் நேரத்தில் மழை கொட்டியது. சாய்ந்த கதிரில் நெல் முளைத்தது. அந்த வாரம் விவசாயியைக் கேட்டால் காலநிலைத் தகவமைப்பு என்றால் என்ன என்று அழகாகச் சொல்வார்: கொள்முதல் நிலையத்தில் இருக்கும் ஈரமானி. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்கமாட்டார்கள், விலக்கு கேட்டு மாநிலம் டெல்லிக்கு எழுத வேண்டும், குழு வந்து பார்க்க வேண்டும், அதுவரை நெல் ரோட்டில் கிடக்கும். களம் வேண்டும், தார்ப்பாய் வேண்டும், உலர்த்தும் இயந்திரம் வேண்டும், விலக்கு உடனே வேண்டும். நான் மொழிபெயர்த்த கேள்வித்தாள்களில் 'எந்த ரகம் பயிரிடுகிறீர்கள், ஏன் மாற்றவில்லை' என்று பக்கம் பக்கமாக இருந்தது, ஈரமானி பற்றி ஒரு வரிகூட இல்லை. விவசாயி அதைச் சொன்னபோது "இது சந்தைப் பிரச்சினை, நம்ம தலைப்பில வராது" என்றார் ஒருவர். வராதுதான், தலைப்பு டெல்லியிலோ வேறு எங்கோ ஏற்கெனவே முடிவாகிவிட்டதே.

இப்போது தமிழ்நாட்டில் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது, மாவட்டத்துக்கு மாவட்டம் கலெக்டர் அதன் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் போய் நின்று கேட்க ஒரு ஆபீஸ் கிடைத்தது. கவலை வேறு. வன அலுவலர் கையில் கொடுத்தால் எல்லாத் தகவமைப்பும் மரம் நடுவதாகவே முடியுமோ என்று தோன்றுகிறது. ஈரமானியும் வடிகாலும் குப்பத்துக்குக் குடிநீரும் அந்தக் கோப்பில் எங்கே ஏறும்?

ஆய்வாளர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பணம் மூன்று வருஷத்துக்கு வருகிறது. முதல் வருஷம் அனுமதிக்கே போய்விடும், கடைசி வருஷம் எழுதுவதற்கு, நடுவில் ஒரு மழைக்காலம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஊரோடு பழக நாள் எடுக்கும், அந்த நாளைக் கட்டுரையாக்க முடியாது. இரவு எட்டு மணிக்குக் குப்பத்தில் உட்கார்ந்து பேசும் ஆய்வு மாணவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் வழிகாட்டிகளுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் ஒன்று செய்யலாம், அதற்குப் பெரிய பணமும் வேண்டாம்: எங்களிடம் எடுத்ததைத் தமிழில் நாலு பக்கமாக அச்சடித்து ஊர்ப் பஞ்சாயத்திலும் பள்ளிக்கூடத்திலும் கொடுத்துவிட்டுப் போகலாம். கோலமாவு வரைபடத்தைப் போட்டோ எடுத்துப் போகிறவர்கள் ஒரு பிரதி அனுப்பினாலே அடுத்த மழைக்கு உதவும்.

கடைசியாக, பிச்சாவரக் கால்வாய்க்கே வருகிறேன். மீன்முள் கால்வாய் ஒரு தடவை வெட்டினால் முடிந்தது என்று இல்லை. ஓதம் தண்ணீரோடு சேற்றையும் கொண்டுவரும், சில வருஷத்தில் தூர்ந்துவிடும், மறுபடி பழைய தொட்டிக் கதைதான். மரம் ஓரளவு நின்றுவிட்டால் சமாளிக்கும், நிற்கும் வரை தூர் வாரியே ஆக வேண்டும். திட்ட அறிக்கைகளில் கால்வாய் வெட்டிய நீளம் இருக்கும், நட்ட கன்றுகளின் எண்ணிக்கை இருக்கும். ஐந்தாவது வருஷம் மண்வெட்டி எடுக்கப்போகிறவர் யார், கூலி எந்தத் தலைப்பில் என்று இருக்காது. 2018 நவம்பரில் கஜா அடித்து முத்துப்பேட்டைக் காடு சிதைந்தபோதும், அதற்குப் பிறகு கடலோரம் நெடுகப் புதிதாக அலையாத்தி நடும் வேலைகளிலும், நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். நூறு நாள் வேலையில் சேர்க்கலாமா, காப்புக்காட்டுக்குள் அந்த வேலைக்கு அனுமதி யார் கொடுப்பது என்று இரண்டு ஆபீஸில் விசாரித்தேன், ஒருவர் மற்றவரைக் கை காட்டினார். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், வேதாரண்யம் பக்கம் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊரில் வெட்டிய கால்வாயை இப்போது யார் தூர் வாருகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள். இங்கே குழுக் கூட்டத்தில் எடுத்துக்காட்ட எனக்கு ஒரு ஊர் பேர் வேண்டும்.